ஒப்பீட்டுத் தகப்பன்

சோலைச்சாமி மோசமான தகப்பனாக நியமிக்கப்பட்டது குலுக்கல் முறையில்தான். இதில் சிபாரிசு எதுவும் நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு யாரும் குறை சொல்லக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரிகள், காலியான பால்கோவா டப்பா ஒன்றில் சீட்டுகளைப் போட்டு, எல்லோரும் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கி, தகப்பன்மார் ஒவ்வொருவரிடமும் நீட்டினார்கள். சோலைச்சாமி தன் கையாலேயே எடுத்தான். சீட்டில் ‘ஒப்பீடு’ என்று எழுதியிருந்தது. லேசாக நெய் வாசமும் அடித்தது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்குப் பின்னால், மில் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் அவன் குடியிருந்தான். லைன் வீடுகள் என்று பெயர். ஆண்கள் எல்லோரும் மில்லில் வேலை. பெண்கள் காலையில் வேனில் ஏறி பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். பெரியவர்கள் சேத்தூரிலும் சோழபுரத்திலும் அவரவர் ஊரோடு நின்றுவிட்டார்கள். ஒற்றை அறையில் அவர்களை எங்கே படுக்கவைப்பது?

அப்படியானால் பிள்ளைகளை யார் பார்த்தார்கள்? அதற்கு லைனில் ஒரு வழக்கம் இருந்தது. மில்லில் பகல், அரை நைட், முழு நைட் என்று மூன்று ஷிப்ட். வாரம் மாறி வரும். எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும் லைன் ஆண்களில் ஒரு பங்கு மில்லுக்குள் இருக்கும், ஒரு பங்கு தூங்கும், ஒரு பங்கு சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பவர்களில் ஒருவன் லைன் பிள்ளைகள் அத்தனைக்கும் பொறுப்பு. சோறு போடுவான், மூக்குச் சிந்திவிடுவான், சண்டையை விலக்கிவிடுவான், தேவைப்பட்டால் முதுகில் ஒன்று வைக்கவும் செய்வான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ‘டூட்டி மாமா’. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றும்போதே, “இன்னைக்கு டூட்டி மாமா யாரு?” என்றுதான் கேட்கும். இதை யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. இதற்காக யாரும் தன்னை மெச்சிக்கொள்ளவும் இல்லை.

சோலைச்சாமியின் மகள் அனுசியாவுக்கு வீசிங் உண்டு. பஞ்சுத் தூசிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நெஞ்சு. இழுக்க ஆரம்பித்தால் உடனே வாயில் மருந்து பம்பு அடிக்க வேண்டும். வீட்டில் வைத்தால் பிள்ளைகள் விளையாடியே காலி செய்துவிடும் என்பதால் அந்த நீல பம்பு டூட்டி மாமாவின் சட்டைப் பையில் இருக்கும். ஷிப்ட் மாறும்போது மில் கேட்டில் வைத்து, உள்ளே போகிறவன் வெளியே வருகிறவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். பேச்சே கிடையாது. கை நீளும், பம்பு மாறும், அவ்வளவுதான். அந்தப் பம்பை நம்பித்தான் சோலைச்சாமியும் அவன் பெண்டாட்டி யோகேஸ்வரியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் ‘குறைந்த வருவாய்த் தந்தையர் சமூக ஆதரவு மற்றும் மேம்பாட்டுத் திட்டம்’ அவர்களைத் தேடி வந்தது. லைனில் அதை ‘அப்பா ஸ்கீம்’ என்றார்கள்.

மில் கேன்டீனில் தொடக்க விழா. திட்ட இயக்குநர் டாக்டர் பாண்டிதுரை மைக்கைப் பிடித்தார். நல்ல உயரம், நல்ல குரல். கூட்டத்தைப் பார்க்காமல் கூட்டத்துக்கு மேலே பார்த்துப் பேசுகிற பழக்கம்.

“தந்தையர்களே! தாய் இருக்கிறாள். குழந்தை இருக்கிறது. தந்தை எங்கே? நான் கேட்கிறேன், தந்தை எங்கே?”

முன் வரிசையிலிருந்த ஜெபக்குமார் கையைத் தூக்கினான். லைனில் எதைக் கேட்டாலும் நேரடியாகப் பதில் சொல்லக்கூடியவன் அவன். “இங்கதான் சார் இருக்கோம்.”

“உடம்பால் இருக்கிறீர்கள். எங்கள் குறியீட்டுப் பட்டியலில் இல்லை,” என்றார் இயக்குநர். “ஒரு குழந்தைக்குத் தந்தை தரும் நேரம் எவ்வளவு விலைமதிப்பற்றது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் என் குழந்தைக்கு அதைத் தந்ததே இல்லை. இந்தப் பணிக்காக என்னையே கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்கியதில்லை. என் மகன் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படிக்கிறான். என்ன இன்ஜினீயரிங் என்று என்னைக் கேட்டால் தெரியாது. என் டிரைவரைக் கேளுங்கள், சொல்லுவார். பெற்றோர் கூட்டத்துக்குப் போவதும் அவர்தான். இந்தத் தியாகத்தை எல்லாம் யாருக்காகச் செய்கிறேன்? உங்களைப் பொறுப்புள்ள தகப்பன்களாக ஆக்குவதற்காக!”

எல்லோரும் கை தட்டினார்கள். பேச்சு முடிந்தால் வடை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அடுத்து மதிப்பீட்டு நிபுணர் ஷெரின் மேடம் எழுந்தார். சென்னையில் இருக்கிற ஒரு பெரிய மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர். திட்டம் உண்மையிலேயே பலன் தருகிறதா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பாதித் தகப்பன்மாருக்குப் பயிற்சி கொடுப்பார்கள். அது பயிற்சிக் குழு. மீதிப் பாதிக்கு ஒன்றும் கிடையாது. அது ஒப்பீட்டுக் குழு. வருஷக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பயிற்சி பெற்றவன் நல்ல தகப்பனாகவும், பெறாதவன் பழைய மாதிரியும் இருந்தால் திட்டம் வெற்றி.

“அப்ப நாங்க என்ன செய்யணும் மேடம்?” என்று சீட்டைக் காட்டிக் கேட்டான் சோலைச்சாமி.

“ஒண்ணும் செய்யக் கூடாது. அதுதான் உங்க பங்களிப்பு.”

லைனில் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். பயிற்சிச் சீட்டு எடுத்த காளிராஜ், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொருமினான். சோலைச்சாமிக்குப் பக்கத்து வீடு, மாமன் மச்சான் முறை வைத்துப் பேசிக்கொள்கிறவர்கள். “நான் என்ன மச்சான் தப்புப் பண்ணேன்? உன்னை விட்டுட்டு என்னையப் படிக்கச் சொல்லுதாக. எம்பொண்டாட்டி மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன்?” சோலைச்சாமி பரீட்சையில் பாஸானவன் மாதிரி கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிலைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சிக் குழுவை வேனில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போனார்கள். வாரத்தில் பிள்ளைகள் முழுநாளும் வீட்டில் இருக்கிற ஒரே நாள் அது. வகுப்பெடுத்த இளைஞருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாடம், ‘குழந்தையின் கண்ணைப் பார்த்தல்’. காளிராஜ் வீட்டுக்கு வந்ததும் மகனை எதிரே உட்காரவைத்து, சொல்லிக்கொடுத்தபடி இமைக்காமல் பார்த்தான். தகப்பன் இப்படிப் பார்த்தால் அடுத்து அடிதான் விழும் என்று பழகியிருந்த பயல், என்ன தப்பு என்று கேட்பதற்கு முன்னாலேயே, பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடியதை ஒப்புக்கொண்டு அழுதுவிட்டான். காளிராஜ் இதை அடுத்த வகுப்பில் சொன்னபோது, ‘மனம் திறந்த உரையாடல் தொடங்கியது’ என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு பிளாஸ்டிக் பொம்மைக்குச் சோறு ஊட்டினார்கள். சோறும் பிளாஸ்டிக்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் ஷெரின் மேடம் லைனுக்கு வந்தார். வாசலில் அனுசியாவைக் கால்களுக்கு நடுவே உட்காரவைத்து, ரிப்பனை வாயில் கவ்வியபடி சோலைச்சாமி சடை பின்னிக்கொண்டிருந்தான்.

“மிஸ்டர் சோலைச்சாமி! கையை எடுங்க!”

திருடியவன் மாதிரி அவன் கையை எடுத்தான். பாதிச் சடை அவிழ்ந்தது.

“புகார் வந்தப்ப நான் நம்பலை. நேர்ல பார்த்துட்டேன். சடை பின்றது எங்க பாடத்திட்டத்துல கடைசிப் பகுதி. பயிற்சிக் குழுவுக்கே இன்னும் அதை நடத்தலை. நீங்க எப்படிப் பின்றீங்க?”

“அவுக அம்மா விடிய முன்னாடியே வேனுக்குப் போயிருதா மேடம். பொறவு யாரு பின்னுவா?”

“நீங்க ஒப்பீட்டுக் குழு. இயல்பா இருக்கணும்.”

“இதாங்க மேடம் இயல்பு.”

“உங்க தனிப்பட்ட இயல்பைக் கேக்கலை. உங்க வருமானப் பிரிவுக்கு இயல்பு எதுவோ அதைக் கேக்கறேன். குடிப்பீங்களா?”

“இல்ல மேடம்.”

மேடம் அவனை இரக்கத்தோடு பார்த்து ‘மறைக்கிறார்’ என்று எழுதிக்கொண்டார். “பாருங்க, நீங்க கெட்டவரா இருக்கணும்னு நாங்க சொல்லலை. நல்லவரா ஆகாதீங்கன்னுதான் சொல்றோம். கொஞ்ச காலம்தான். மதிப்பீடு முடிஞ்சதும் உங்க இஷ்டம்போல இருங்க.”

சோலைச்சாமி அதிகாரிகள் சொன்னால் கேட்கிறவன். மில்லில் மேஸ்திரி சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் கேட்டே பழகியவன். சில நாள் உண்மையிலேயே முயன்று பார்த்தான். அனுசியா சீப்பை நீட்டினால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், திட்டு வாங்கி வந்தாள். “எம்மேல கோவமாப்பா?” என்று கேட்டாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. படித்தவர்கள் ஒரு காரணத்தோடுதான் சொல்வார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு சடை பின்னினான்.

அதோடு நின்றிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வாரம் ஒரு வகுப்பு போதவில்லை, ஞாயிறு வகுப்பை நிறுத்திவிட்டுத் தினமும் மாலையில் நடத்த வேண்டும் என்று திட்டத்துக்குத் தோன்றியது. மில் நிர்வாகத்துக்கும் சமூக அக்கறை என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை அதைப் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே இரண்டு தரப்பும் கை குலுக்கிக்கொண்டன. பயிற்சித் தகப்பன்மார் எல்லோருக்கும் நிரந்தரமாகப் பகல் ஷிப்ட். நாலு மணிக்கு வேலை முடிந்ததும் மில் கேட்டிலேயே திட்ட வேன் நிற்கும், அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த இடத்தை நிரப்ப ஒப்பீட்டுத் தகப்பன்மார் எல்லோருக்கும் நிரந்தரமாக அரை நைட், அதாவது நாலு மணியிலிருந்து நடுச்சாமம் வரை. முழு நைட்டுக்கு வெளியாட்கள்.

தகப்பன்மாரைப் பிள்ளைகளோடு சேர்த்துவைக்க வந்த திட்டம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் லைனில் ஒரு தகப்பன்கூட இல்லாதபடி செய்து முடித்தது. இதை ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தகப்பன் என்று மட்டுமே அவர்களுடைய படிவத்தில் இடம் இருந்தது. லைன் முழுக்க ஒரு டூட்டி மாமா என்று எழுத அதில் கட்டம் இல்லை.

புது ஷிப்டின் முதல் நாள். நாலு மணிக்கு மில் கேட்டில் சோலைச்சாமி உள்ளே போனான், காளிராஜ் வெளியே வந்தான். கை நீண்டது, பம்பு மாறியது. வருஷக்கணக்கான பழக்கம், இரண்டு பேருக்கும் யோசனையே ஓடவில்லை. பம்பைப் பைக்குள் போட்ட காளிராஜை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

வேன் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் அனுசியாவுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் வீடு வீடாகப் போய் டூட்டி மாமாவைத் தேடியிருக்கின்றன. எல்லாக் கதவிலும் பூட்டு. ஜெபக்குமாரின் மூத்த மகள் பரிபூரணத்துக்கு நம்பர் மனப்பாடம். முனைக் கடையில் போன் வாங்கித் தகப்பனுக்கு அடித்தாள், காளிராஜுக்கு அடித்தாள். வகுப்பில் தந்தையரின் முழுக் கவனமும் குழந்தைகள் மேல் இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாப் போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். அன்றைய பாடம், ‘அவசர வேளையில் தந்தை’. கூடைக்குள் போன்கள் சிணுங்கச் சிணுங்க அந்த இளைஞர் பாடத்தை நடத்தி முடித்தார்.

பரிபூரணம் மில் கேட்டுக்கு ஓடினாள். வாட்ச்மேன் உள்ளே ஓடினார். சோலைச்சாமி ஓடிக்கொண்டிருந்த மிஷினை அப்படியே போட்டுவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு வெளியே பாய்ந்தான். பிள்ளை வாசல் நிலையில் சாய்ந்து, வாயைத் திறந்து, காற்றைத் தேடிக்கொண்டிருந்தது. உதடு கறுத்திருந்தது. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்ட ஆட்டோவை மறித்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மூக்கில் மாஸ்க்கை வைத்து மருந்துப் புகை காட்டினார்கள். சற்று நேரத்தில் மூச்சு சீரானது. “இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா என்ன ஆயிருக்கும்னு என்னைக் கேக்காதீங்க,” என்றார் டாக்டர். சோலைச்சாமி வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதான். பேண்டேஜ் கம்பெனியிலிருந்து நேரே ஓடி வந்த யோகேஸ்வரி அவன் தலையிலிருந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

காளிராஜ் பம்பைக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றான். உள்ளே வரவில்லை. “எம்பையிலதான் மச்சான் இருந்துச்சு. எம்பையிலயேதான் இருந்துச்சு,” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் திட்ட அலுவலகத்திலிருந்து சோலைச்சாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்காக என்று அவன் நினைத்துக்கொண்டான். பாவம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். பால் சுண்டுகிற வாசம் ஏசி அறைக்குள்ளும் வந்தது. இயக்குநர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க. பயப்பட வேண்டாம். இது விசாரணை இல்லை, கற்றல் அமர்வு.”

ஷெரின் மேடம் ஆரம்பித்தார். “நேத்து வேலையைப் போட்டுட்டு ஓடியிருக்கீங்க. ஏன்?”

“பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு வாட்ச்மேன் வந்து சொன்னாரு மேடம்.”

“அது தகவல். நான் கேக்கறது தூண்டுதல். இப்படி ஓடணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது? பயிற்சிக் குழுவிலேருந்து யாராவது பாடத்தைக் கசிய விட்டாங்களா?”

“ஓடுறதுக்குக்கூடப் பாடம் இருக்கா மேடம்?”

“நேத்துதான் நடத்தினோம். நாங்க இங்க நடத்திட்டு இருக்கிற அதே நேரத்துல நீங்க அங்க ஓடியிருக்கீங்க. அதுதான் எங்களுக்குக் கவலையா இருக்கு.”

இயக்குநர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “இந்தப் பச்சைக்கோடு பயிற்சிக் குழு. இந்தச் சிவப்புக்கோடு நீங்க. பாருங்க, சிவப்பு பச்சைக்கு மேலே ஏறுது. உங்க ஒருத்தரோட ஓட்டம் மொத்தப் படத்தையும் கெடுத்துருச்சு. நிதி குடுக்கிறவங்க இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? பயிற்சி குடுத்ததாலதான் தகப்பன்மார் கெட்டுப் போனாங்கன்னு நினைக்க மாட்டாங்களா?”

“சார், பம்பு காளிராஜ் பையில இருந்துச்சு. அவன் லைன்ல இருந்திருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காது சார். அவனை இங்க கூட்டிட்டு வந்துட்டீக.”

“அதைத்தான் நானும் சொல்றேன். காளிராஜ் வகுப்பில் இருந்தார். போன் அடிச்சும் அசையலை. வருகை முழுமை, கவனம் முழுமை. நேத்து இந்த வட்டாரத்திலேயே மிகச் சிறந்த தகப்பன் அவர்தான்.”

சோலைச்சாமிக்கு அந்த நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போல வந்தது. பழக்கமில்லாததால் உட்கார்ந்தே இருந்தான்.

“சார், அந்தப் பழைய சிப்ட மட்டும் குடுத்துரச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“மதிப்பீட்டுக்கு நடுவில் எதையும் மாத்த முடியாது. பச்சை ஜெயிச்சா திட்டம் வெற்றி. இன்னும் சில வருஷம் நீட்டிப்போம். சிவப்பு ஜெயிச்சா பயிற்சி போதலைன்னு அர்த்தம், அப்பவும் நீட்டிப்போம்.” இயக்குநர் பெருமூச்சு விட்டார். “ஒண்ணு மட்டும் நடக்கக் கூடாது. ரெண்டு கோடும் தரையோடு தரையா ஒட்டிக் கிடந்தா, ‘அடிப்படைத் தந்தைமையே இல்லாத பகுதி’ன்னு கை கழுவிட்டு வேற மாவட்டத்துக்குப் போயிரணும். அந்த அவமானம் மட்டும் எனக்கு வந்துரக் கூடாது.”

சோலைச்சாமி வணக்கம் சொல்லி எழுந்தான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கடைசிப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தான்.

அதற்குள் லைன் பெண்கள் முறை போட்டு வேலைக்குப் போகாமல் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். இப்படியே நின்றால் ஒரேயடியாக நின்றுகொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் குழாயடியில் கூடினார்கள். சோலைச்சாமி விஷயத்தைச் சொன்னான். லைனில் இருக்கிற அத்தனை தகப்பன்மாரும் உருப்படாதவர்கள் என்று எழுதிக்கொண்டு போனால்தான் அவர்கள் போவார்கள்.

“நாம மோசம்னு நம்ம வாயாலயே சொல்லணுமா?” என்றான் ஜெபக்குமார். கோயில் கமிட்டியில் இருப்பவன், அவனுக்கு ரோஷம் வந்தது.

“சொன்னா என்ன தேஞ்சா போயிருவீக?” என்றாள் யோகேஸ்வரி. “நல்ல பேரு எடுத்து நாங்க என்ன செய்யப் போறோம்? பிள்ளை மூச்சு விட்டாப் போதும்.”

அதோடு முடிவாயிற்று. பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு நாடகம் பழகுவது மாதிரி அதுகளுக்கு ஒரே கொண்டாட்டம். அனுசியா மட்டும் முரண்டு பிடித்தாள்.

“பொய் சொன்னா டீச்சர் அடிப்பாங்க.”

“அவுக டீச்சர் இல்ல தாயி.”

“அப்ப யாரு?”

சோலைச்சாமி அவள் ரிப்பனை இறுக்கிக் கட்டினான். “நாம சொன்னாக் கெளம்பிப் போயிருவாங்க. அம்புட்டுத்தான்,” என்றான்.

இறுதி மதிப்பீடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. இயக்குநர், மேடம், வீடியோ எடுக்க ஒருவர் என்று ஜீப் நிறைய வந்தார்கள். முதலில் பச்சைக்கோடு. காளிராஜைச் சடை பின்னிக் காட்டச் சொன்னார்கள். அவன் மகளின் தலைமுடியை ரிப்பனோடு சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஜெபக்குமாரிடம் மகள் எந்த வகுப்பு என்று கேட்டார்கள். “மகளா?” என்று யோசித்தான். “ஆமா, ஒண்ணு இருக்கு.” கோயில் கமிட்டிக்காரன் இவ்வளவு தேறுவான் என்று லைனில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஷெரின் மேடத்துக்கு வியர்த்தது. இயக்குநர் கர்சீப்பை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

கடைசி நம்பிக்கையாகச் சிவப்புக்கோட்டைப் பார்க்க சோலைச்சாமி வீட்டுக்கு வந்தார்கள். அவன் அனுசியாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். விரலில் பருப்புச் சோறு ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

“கடைசியா எப்போ மகளுக்குச் சோறு ஊட்டினீங்க?”

“அதெல்லாம் பொம்பளை வேலை மேடம். நமக்கு எதுக்கு?”

“அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினீங்களே?”

“சிப்டுல தூக்கம் தூக்கமா வந்துச்சு. வெளிய வர ஒரு சாக்கு.”

சொல்லும்போது நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னான். மேடம் குனிந்து அனுசியாவின் கன்னத்தைத் தட்டினார். “பாப்பா, இவர் யாரு?”

பிள்ளை தகப்பனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது.

“தெரியாது.”

“இந்த வீட்டுலதானே இருக்கார்?”

“வருவாரு. தூங்குவாரு. போயிருவாரு. யாருன்னு தெரியாது.”

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னாள். இது சோலைச்சாமி எழுதிக்கொடுத்த வசனம்தான். ஆனாலும் தாங்க முடியவில்லை. பின்னால் கட்டிய கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

ஷெரின் மேடத்தின் முகம் மலர்ந்தது. வருஷம் முழுக்க இந்த லைனில் அவர் தேடிய பதில் கடைசியில் ஒரு குழந்தை வாயிலிருந்து கிடைத்துவிட்டது. “இதான் சார் உண்மையான டேட்டா,” என்றார். இயக்குநர் வீடியோக்காரரைப் பார்த்துத் திரும்பி நின்று, அங்கேயே ஒரு சிற்றுரை ஆற்றினார். “தந்தையே இல்லாத ஒரு தெருவைக் கண்டுபிடித்திருக்கிறோம். இது தோல்வியல்ல, கண்டுபிடிப்பு. இந்த அனுபவத்தோடு அடுத்த மாவட்டத்துக்குச் செல்கிறோம்.” முன்னொரு நாள் பயந்த அவமானம் பேசி முடிப்பதற்குள் பெருமையாகிவிட்டது. அதற்குத்தான் அவர் இயக்குநர். போகும்போது சோலைச்சாமியின் தோளைத் தட்டி, “உங்களை எல்லாம் திருத்த முடியாதுப்பா,” என்று மனம் நொந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போய்விட்டால் அடுத்த வாரமே பழைய ஷிப்ட் திரும்பிவிடும் என்று மில் மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். லைனில் யாரோ விசில் அடித்தார்கள். காளிராஜ் ஜன்னலிலிருந்து மகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

சோலைச்சாமி கட்டிலுக்கு அடியிலிருந்து தட்டை இழுத்து, சோற்றை மறுபடி பிசைந்து, ஒரு வாய் எடுத்து நீட்டினான். அனுசியா வாயைத் திறக்கவில்லை. தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தாயி?”

“வண்டி போயிருச்சா?”

“போயிருச்சு.”

“இனிமே அப்பான்னு கூப்பிடலாமா? இல்ல, கூப்பிட்டா திரும்பி வந்துருவாங்களா?”

சோலைச்சாமி வாசல் வரை போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“கூப்பிடு தாயி,” என்றான். “செத்த மெதுவாக் கூப்பிடு.”